அறுபதோடு நின்றுவிடும் அக்கறை

தமிழகத்தின் களியக்காவிளையைத் தாண்டியதும் கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டம் தொடங்கிவிடுகிறது. பாறசாலை, தனுவச்சபுரம், அமரவிளை, காரக்கோணம் என்று நீளும் இந்த எல்லையோர ஊர்களில் தமிழும் மலையாளமும் கலந்தே புழங்குகின்றன. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்கள் மொழிவழியில் பிரிக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் தமிழகத்துடன் இணைந்தன. நேசமணி தலைமையிலான இயக்கம் கேட்ட நெய்யாற்றின்கரை, கேரளத்திலேயே நின்றுவிட்டது. ஆக, எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் பிறந்து இன்று எழுபதைத் தாண்டியிருக்கும் முதியவர்கள் ஒரே மாநிலத்தில் பிறந்தவர்கள். ஒரே உணவை உண்டு வளர்ந்தவர்கள். அவர்கள் இன்று என்ன உண்கிறார்கள் என்ற கேள்வி, இரு மாநிலங்களும் மத்திய அரசும் சேர்ந்தே விடை சொல்ல வேண்டிய ஒன்றாகும்.

நெய்யாற்றின்கரை, மருத்துவ ஆய்வுலகில் அறியப்பட்ட பெயர். திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகம், ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களுடன் இணைந்து 2013-ஆம் ஆண்டில் இவ்வட்டத்தில் நீரிழிவுத் தடுப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 60 வாக்குச்சாவடிப் பகுதிகளிலிருந்து, நீரிழிவு வரும் அபாயம் மிகுந்த 1,007 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஒரு பாதியினருக்கு வழக்கமான அறிவுரைக் கையேடு மட்டும் தரப்பட்டது. மறுபாதியினர் அக்கம்பக்கத்தார் குழுக்களாகக் கூடி, தங்களுக்குள் பயிற்சி பெற்ற ஒருவரின் வழிகாட்டுதலில் உணவையும் உடலுழைப்பையும் பற்றிப் பேசினர். அதன் முடிவுகள் 2018-இல் 'பிளாஸ் மெடிசின்' இதழில் வெளியாயின. இரண்டு ஆண்டுகளின் முடிவில் குழுக்களாகக் கூடியோரில் 14.9 சதவீதத்தினருக்கும், மற்றவர்களில் 17.1 சதவீதத்தினருக்கும் நீரிழிவு வந்திருந்தது. புள்ளியியல் கணக்கில் உறுதியாகச் சொல்லக்கூடிய வேறுபாடு அன்று இது. ஆனால், குழுக்களில் இருந்தோர் காய்கறியும் பழமும் கூடுதலாக உண்டனர், மதுவைக் குறைத்தனர். கிராமத்து மக்கள் தாங்களே கூடித் தங்கள் உணவுப் பழக்கத்தை மாற்றிக்கொள்ள முடியும் என்பதை அந்த ஆய்வு மெய்ப்பித்தது.

அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் 30 முதல் 60 வயது வரையிலானவர்கள். தடுப்பு ஆய்வுக்கு அந்த வரம்பு பொருத்தமானதே. ஆய்வாளர்கள் மீது குறை காண்பதற்கில்லை. ஆனால், அன்று ஐம்பதுகளில் இருந்தவர்கள் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர். அவர்களுக்கென்று அடுத்த கட்டமாக அரசு செய்தது என்ன என்று கேட்டால், சொல்லும்படியான பதில் இல்லை.

இந்தக் குறைபாடு நெய்யாற்றின்கரையோடு முடிவதும் இல்லை. நாட்டு மக்களின் உடல் எடை குறித்து நாம் எப்போதும் மேற்கோள் காட்டுவது தேசியக் குடும்ப நல ஆய்வை. 2019-21-இல் நடந்த அதன் ஐந்தாவது சுற்றின்படி கேரளப் பெண்களில் 38 சதவீதத்தினரும், தமிழகப் பெண்களில் 40 சதவீதத்தினரும் மிகை எடை கொண்டவர்கள். ஏடுகளில் பெரிதாகப் பேசப்பட்ட இந்தப் புள்ளிவிவரம் 49 வயது வரையிலான பெண்களை மட்டுமே குறிக்கிறது. ஆண்கள் என்றால் 54 வயது வரை. அதற்கு மேற்பட்டவர்களின் எடை அந்தக் கணக்கில் வருவதே இல்லை. 2018-இல் தொடங்கப்பட்ட போஷண் அபியான் எனும் ஊட்டச்சத்து இயக்கம் குழந்தைகள், வளரிளம் பெண்கள், தாய்மார்களுக்கானது. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சமைத்த உணவையோ சத்துணவையோ உரிமையாக்கியது. 2011-இல் மக்களவையில் வைக்கப்பட்ட மசோதாவில் ஆதரவற்றோருக்குச் சமைத்த உணவு என்ற பிரிவு இருந்தது. சட்டமாகி வந்தபோது அது காணாமற் போயிருந்தது. முதியவருக்கு மிஞ்சியது மாதம் ஐந்து கிலோ தானியம் மட்டுமே.

ஆனால் முதியோரின் எண்ணிக்கையோ நாளுக்கு நாள் பெருகிவருகிறது. 2011 கணக்கெடுப்பில் அறுபது வயதைக் கடந்தோர் கேரளத்தில் 12.6 சதவீதம், தமிழகத்தில் 10.4 சதவீதம், நாடு முழுவதும் 8.6 சதவீதம். 2031-இல் கேரளத்தில் ஏறத்தாழ 21 சதவீதமாகவும் தமிழகத்தில் 18 சதவீதமாகவும் இது உயரும் என்பது மத்திய அரசின் மக்கள்தொகை மதிப்பீட்டுக் குழுவின் கணிப்பு. ஐவரில் ஒருவர் முதியவர் என்ற நிலையை நோக்கி இரு மாநிலங்களும் விரைகின்றன. கேரளமோ, தமிழகமோ இனி முதியோர் நலனை ஒரு கருணைத் துறையாகக் கருதிக்கொண்டிருக்க முடியாது.

முதியோரையும் எடை பார்த்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. மத்திய சுகாதார அமைச்சகத்துக்காக மும்பை மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் 2017-18-இல் நடத்திய முதுமை குறித்த நெடுங்கால ஆய்வு அது. 45 வயதுக்கு மேற்பட்ட ஏறத்தாழ 72,000 பேரைச் சந்தித்து நடத்தப்பட்ட அதன் அறிக்கை 2021 ஜனவரியில் வெளியானது. அறுபதைக் கடந்த இந்தியர்களில் நால்வரில் ஒருவருக்கு மேல் எடை குறைந்தவர்கள். ஐவரில் ஒருவருக்கு மேல் மிகை எடை கொண்டவர்கள் என்று அது கண்டது. அதாவது, பசியும் பருமனும் ஒரே தலைமுறையில், சில வேளை ஒரே தெருவில், அருகருகே நிற்கின்றன.

'கேரளமும் தமிழகமும் பருமனாலும் நீரிழிவாலும் அல்லவா அவதிப்படுகின்றன. அங்கே முதியோருக்கு மேலும் உணவு எதற்கு?' என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்வி போலத் தோன்றும். ஆனால், முதுமையில் எடை என்பது இளமையில் உள்ள எடையைப் போன்றதன்று என்பதை இக்கேள்வி மறந்துவிடுகிறது.

முப்பது வயதைத் தாண்டியதும் உடலின் தசை சிறிது சிறிதாகக் குறையத் தொடங்குகிறது. அறுபதுக்குப் பிறகு அந்த இழப்பு வேகமெடுக்கிறது. போதிய புரதச்சத்து இல்லாத உணவும், நடமாட்டக் குறைவும் சேர்ந்தால் கையும் காலும் மெலிகின்றன. அந்த இடத்தைக் கொழுப்பு பிடிக்கிறது. எடைக்கருவி காட்டும் எண் மாறாமல் இருக்கலாம். ஆனால், வயிறு பெருத்து, தொடை மெலிந்து, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ முடியாத நிலை வந்துவிடும். உண்ட சர்க்கரையைப் பெருமளவு உள்வாங்கிக்கொள்ளும் இடம் தசைதான். தசை குறைந்தால் நீரிழிவும் கட்டுக்கடங்காது. நீரிழிவு முற்றினால் தசை மேலும் கரையும். ஆகவே முதியவருக்கு 'எடையைக் குறையுங்கள்' என்ற ஒற்றை அறிவுரை போதாது; பல சமயங்களில் அது தீங்காகவும் முடியும்.

ஆசியர்களுக்கு உடல் நிறைக் குறியீட்டெண் 23-ஐத் தாண்டினாலே எச்சரிக்கை தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர்கள் 2004-இல் கூறினர். நடுவயதினருக்கு இது நல்ல அளவுகோல். அறுபத்தைந்தைக் கடந்தோரைப் பற்றி 2014-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வோ, குறியீட்டெண் 23-க்குக் கீழே இறங்க இறங்க இறப்பு அபாயம் கூடுவதைக் காட்டியது. அந்தத் தரவுகள் பெரும்பாலும் மேலை நாட்டினருடையவை என்பதால் அப்படியே இங்கு பொருத்திவிட முடியாது. எனினும், ஒன்று தெளிவு. முயற்சி எதுவுமின்றி முதியவர் எடை இழந்தால் அது மகிழ்ச்சிக்குரிய செய்தி அன்று. 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஆறு மாதம் அல்லது ஓராண்டுக்குள் மூன்று கிலோ இழந்தால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். வீட்டில் இருப்போர் 'வயதாகிவிட்டது, மெலிகிறார்' என்று கடந்துவிடுவதே வழக்கமாக இருக்கிறது.

எல்லையோர ஊர்களின் உணவு எப்படிப்பட்டது? புழுங்கலரிசிச் சோறு, பழங்கஞ்சி, மரச்சீனிக் கிழங்கு, தேங்காய் அரைத்த குழம்பு, கிடைத்தால் மீன். மரச்சீனி இங்கே வேரூன்றியதற்கு வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் அதன் சாகுபடியை ஊக்குவித்தார். 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அரிசி வரத்து நின்றபோது திருவிதாங்கூர் ஏழைகளின் உயிரைக் காத்தது இந்தக் கிழங்குதான். இன்றைய முதியவர்கள் அந்தப் பஞ்ச நினைவின் நிழலில் வளர்ந்தவர்கள். வயிற்றை நிரப்பும் கிழங்கு அது. ஆனால் அதில் உள்ள புரதம் நூற்றுக்கு ஒரு பங்குகூடத் தேறுவது கடினம். மீனும் பயறும் உடன் இருந்தவரை அந்தக் குறை தெரியவில்லை.

அவை தட்டிலிருந்து விலகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. பல் இல்லாதவர் மென்மையான கஞ்சிக்கும் கிழங்குக்கும் மாறிவிடுகிறார். பிள்ளைகள் வளைகுடாவுக்கோ வெளியூருக்கோ போய்விட, தனித்திருக்கும் மூதாட்டி தனக்கு மட்டும் மீன் வாங்கிக் குழம்பு வைப்பதில்லை. மீன் விலை ஏறினால் முதலில் நிற்பது வயதானவர் வீட்டு மீன்தான். இரவுக்குத் தேநீரும் பிஸ்கட்டும் போதும் என்று இருந்துவிடுகிறார். நீரிழிவு என்று தெரிந்துவிட்டால், சோற்றைக் குறைத்தால் போதும் என்ற அரைகுறை அறிவுரையின் பேரில் சோறும் குறைகிறது; அதற்கு ஈடாகப் பயறோ முட்டையோ கூடுவதில்லை.

ஒரு சிறு கணக்குப் பார்க்கலாம். 50 கிலோ எடையுள்ள மூதாட்டிக்கு, எல்லா வயதினருக்குமாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வகுத்த அளவின்படியே நாளொன்றுக்கு 41 கிராமுக்கு மேல் புரதம் வேண்டும். முதியோருக்கு அது போதாது, ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராமுக்குக் குறையக் கூடாது என்று பன்னாட்டு வல்லுநர் குழுக்கள் பரிந்துரைக்கின்றன. அப்படியானால் 50 கிராம். 250 கிராம் அரிசியிலிருந்து கிடைப்பது ஏறத்தாழ 19 கிராம். கிழங்கும் தேநீர்ப் பாலும் சேர்ந்து மூன்று, நான்கு கிராம். ஆகத் தேவையில் பாதியைக்கூட இது எட்டாது. ஒரு முட்டை சேர்ந்தால் 6 கிராம். ஒரு கைப்பிடிப் பயறு, அதாவது 30 கிராம் சேர்ந்தால் 7 கிராம். நூறு கிராம் சாளை மீன் சேர்ந்தால் 18 கிராமுக்குக் குறையாது. தேவை நிறைவேறிவிடுகிறது. விலையுயர்ந்த புரதப் பொடியோ, விளம்பரத்தில் வரும் பானமோ தேவையில்லை. இவ்வூர்ச் சந்தையில் கிடைப்பதே போதும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டே அளவைக் கூட்ட வேண்டும்.

முட்டை, பயறு, மீன் என்று சொல்வது எளிது. அவற்றை வாங்கக் கையில் காசு வேண்டும். இங்கேதான் விவாதம் தில்லியை நோக்கித் திரும்புகிறது.

தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டம் 1995 ஆகஸ்ட் 15-இல் மாதம் 75 ரூபாயுடன் தொடங்கியது. 2006-07-இல் மத்திய அரசின் பங்கு 200 ரூபாய் ஆனது. 2007-இல் இந்திரா காந்தியின் பெயர் சூட்டப்பட்டது. 2011-இல் எண்பது வயதைக் கடந்தவர்களுக்கு 500 ரூபாய் என்று உயர்ந்தது. ஆனால், அறுபது முதல் எழுபத்தொன்பது வயது வரையிலானவர்களுக்கு அன்று நிர்ணயித்த அதே 200 ரூபாய்தான். இடையில் ஆட்சிகள் மாறின; நாடாளுமன்ற உறுப்பினர்களின் ஊதியமும் அரசு ஊழியர்களின் அகவிலைப்படியும் பலமுறை உயர்ந்தன. ஊரக வளர்ச்சிக்கான நாடாளுமன்ற நிலைக்குழு இத்தொகையை உயர்த்தச் சொல்லி மீண்டும் மீண்டும் பரிந்துரைத்தும் 200 ரூபாய் அசையவில்லை. நாளொன்றுக்கு வகுத்தால் ஆறு ரூபாய் 67 காசு. சில்லறைக் கடையில் ஏறத்தாழ ஒரு முட்டையின் விலை. இந்தியக் குடியரசு தன் ஏழை முதியவருக்கு ஒதுக்கும் அன்றாடப் பங்கு இவ்வளவே.

மாநிலங்கள் தங்கள் கையிலிருந்து போட்டுத்தான் தொகையைக் கூட்டுகின்றன. கேரளத்தில் 1,600 ரூபாயாக இருந்த நலவாழ்வு ஓய்வூதியம் 2025 நவம்பர் முதல் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தமிழகத்தில் 1,000 ரூபாய், 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாய் ஆனது. எல்லைக் கோட்டின் இரு பக்கமும் ஒரே உணவை உண்ணும் இரு முதியவருக்கு இரு வேறு விலை. ஆனால் தொகை மட்டும் போதாது. அது காலத்தில் வர வேண்டும். 2001 நவம்பர் 28-இல், உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் முதியோர் ஓய்வூதியத்தை ஒவ்வொரு மாதமும் 7-ஆம் தேதிக்குள் வழங்க வேண்டும் என்று ஆணையிட்டது. 2023-இல் கேரளத்தில் ஓய்வூதியம் மாதக்கணக்கில் நிலுவையில் நின்றது. அந்த ஆண்டு நவம்பரில் இடுக்கி மாவட்டம் அடிமாலியில் இரு மூதாட்டிகள் சட்டி ஏந்தித் தெருவில் பிச்சை கேட்டுப் போராடிய காட்சியை நாடே பார்த்தது. நிதி நெருக்கடிக்கு மத்திய அரசே காரணம் என்றது மாநிலம். மாநிலத்தின் நிர்வாகமே காரணம் என்றது மத்திய அரசு. இருவர் வாதத்திலும் உண்மை இருக்கலாம். ஆனால், வாதம் முடியும்வரை வயிறு காத்திருக்காது.

மாறாக, மருத்துவத்துக்குச் செலவிட அரசு தயங்கவில்லை. எழுபது வயதைக் கடந்த அனைவருக்கும் வருமான வரம்பின்றி ஐந்து லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு என்று 2024 அக்டோபர் 29-இல் பிரதமர் தொடங்கிவைத்தார். வரவேற்க வேண்டிய திட்டமே. ஆனால், தசை இழந்த மூதாட்டி கழிவறைக்குச் செல்லும் வழியில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால் ஐந்து லட்சம் வரை தரத் தயாராக இருக்கும் அரசு, அவர் விழாமல் இருக்கத் தேவையான உணவுக்கு ஆறேமுக்கால் ரூபாயோடு நிற்பது என்ன கணக்கு?

இதற்கு முன்மாதிரி இல்லாமலும் இல்லை. 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். ஆறே மாதங்களில், 1983 ஜனவரியில், முதியோர் ஓய்வூதியம் பெறுவோருக்கும் அது விரிவாக்கப்பட்டது. குழந்தைகளோடு அமர்ந்து முதியவரும் உண்ணலாம் என்ற அந்த ஏற்பாடு அன்றைய இந்தியாவில் புதுமை. மையத்தில் உண்போருக்கு மாதம் இரண்டு கிலோ, உண்ணாதோருக்கு நான்கு கிலோ அரிசி என்பதும் அதன் பகுதி. ஆனால், காலப்போக்கில் குழந்தைகளின் தட்டுக்கு முட்டையும் பயறும் வந்தன; 2010 முதல் வாரம் ஐந்து முட்டைகள் கிடைத்தன. வீட்டில் இருக்கும் முதியவருக்கோ அரிசி, அரிசி மட்டுமே. மத்திய அரசு 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய அன்னபூர்ணா திட்டமும் பத்து கிலோ தானியத்தோடு நின்றது. நம் முதியோர் கொள்கை முழுவதும் மாவுச்சத்தில் தொடங்கி மாவுச்சத்திலேயே முடிகிறது.

கேரளத்துக்கும் தனக்கென்று பலம் உண்டு. வலுவான கிராமப் பஞ்சாயத்துகள், குடும்பஸ்ரீ மகளிர் அமைப்பு, ஊர்தோறும் அங்கன்வாடி, வாசகசாலை. 2020-இல் குடும்பஸ்ரீ நடத்திய ஜனகீய உணவகங்களில் 20 ரூபாய்க்கு மதிய உணவு கிடைத்தது. 2023-இல் மானியம் நின்றதும் அவை தள்ளாடின. 2025-இல் நாட்டிலேயே முதன்முறையாக முதியோர் ஆணையத்துக்கான சட்டத்தையும் கேரளம் இயற்றியது. அந்த ஆணையம் கையில் எடுக்க வேண்டிய முதல் வேலை உணவாக இருக்கட்டும்.

செய்ய வேண்டியவை சிக்கலானவை அல்ல. முதலாவதாக, ஓய்வூதியம் பெறும் முதியவர் ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு ஒரு முட்டையும் 30 கிராம் பயறும் உரிமையாக வேண்டும். முட்டை உண்ணாதவருக்கு அதற்கு ஈடான பயறோ பாலோ தரலாம். இன்றைய விலையில் இதற்கு நாளொன்றுக்குப் பத்து ரூபாய், மாதம் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மத்திய திட்டத்தில் உள்ள ஏறத்தாழ 2 கோடியே 20 லட்சம் முதியோருக்கு ஆண்டுக்கு 7,920 கோடி ரூபாய் ஆகும். சமூக உதவித் திட்டங்கள் அனைத்துக்குமாக 2025-26 மத்திய பட்ஜெட்டில் ஒதுக்கப்பட்டதே 9,652 கோடிதான் என்பதால் இது சிறு தொகை அன்று. ஆனால், இந்தியா தாங்க முடியாத தொகையும் அன்று. எலும்பு முறிவுக்கும் நீரிழிவு முற்றிய நிலைக்கும் பின்னர் செலவிடப்போவதை எண்ணிப் பார்த்தால், இது முன்கூட்டிச் செய்யும் முதலீடு.

இரண்டாவதாக, வசதியற்ற, தனித்து வாழும், சமைக்க இயலாத முதியவருக்குச் சமைத்த உணவு வீடு தேடிச் செல்ல வேண்டும். தமிழகத்தில் சத்துணவு மையங்களும் கேரளத்தில் குடும்பஸ்ரீ சமையலறைகளும் இதற்கு ஆயத்தமாக உள்ளன. மூன்றாவதாக, குடும்ப நல ஆய்வில் எடை பார்க்கும் வயது வரம்பு நீங்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் முதியவரின் எடை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பதிவாக வேண்டும். எடை கூடியதா என்று மட்டுமன்றி, குறைந்ததா என்றும் பார்க்க வேண்டும்.

நான்காவதாக, நெய்யாற்றின்கரையில் வெற்றி கண்ட அக்கம்பக்கத்தார் குழுக்களை அறுபது வயதுக்கு மேற்பட்டோருக்கென மீண்டும் கூட்ட வேண்டும். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து அமரும் எளிய பயிற்சி, மீனையும் பயற்றையும் பல் இல்லாதவரும் உண்ணும் வண்ணம் சமைக்கும் முறை, மருந்தோடு உணவை எப்படிப் பொருத்துவது என்பதைப் பேச அங்கே இடம் வேண்டும். பாறசாலையில் இக்கூட்டங்கள் மலையாளத்திலும் தமிழிலும் நடக்கட்டும். களியக்காவிளையிலும் நடக்கட்டும். கன்னியாகுமரி, திருவனந்தபுரம் மாவட்ட நிர்வாகங்கள் சேர்ந்தே இதைச் செய்தால் எல்லைக் கோடு குறுக்கே நிற்காது.

நதிநீருக்கும் சோதனைச் சாவடிக்கும் இரு மாநிலங்களும் பலமுறை பேச்சு நடத்தியுள்ளன. முதியவரின் தட்டைப் பற்றி ஒருமுறை பேசினால் என்ன? தமிழகமும் கேரளமும் ஒரே குரலில் கேட்டால், 200 ரூபாயை இன்னொரு பத்தாண்டு அப்படியே வைத்திருக்க தில்லியால் முடியாது. வாக்குச்சாவடிக்கு முதியவரைத் தூக்கிக்கொண்டு வரும் கட்சிகள், அவர் தாமே நடந்து வரும் வலுவோடு இருக்க என்ன செய்தோம் என்பதற்கும் பதில் சொல்லியாக வேண்டும்.